கொட்டகையில் கரண்டு ஏற்றிய நாட்கள்

பெட்ரோல் கேட்காத கார் ஒன்று என்னிடம் ஏழெட்டு வருஷம் இருந்தது என்று இப்போது சொன்னால், கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. டாக்டரம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகுகிறது என்று நினைக்கிறார்கள். பிசகவில்லை. அந்தக் காரின் பேட்டரிச் செல்கள் நாற்பது. அவற்றில் முன்பெட்டியில் இருந்த ஏழாவது செல் மட்டும் மற்றதைவிடச் சீக்கிரம் தண்ணீர் குடிக்கும். இதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன். பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. மேட்டைக் கண்டால் நின்றுவிடும், ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். நான் மதுரையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டர். குடியிருந்தது திருமங்கலம் சாலையில், பின்னால் திருநகர் வந்த இடத்துக்குப் பக்கத்தில். அன்றைக்கு அங்கே பொட்டலும் கருவேலமரமும்தான். ஊருக்குள் தனியாக இருக்கிற பெண்ணுக்கு, டாக்டரானாலும், வீடு கொடுக்க யோசித்தார்கள். இந்த வீட்டுக்காரர் யோசிக்கவில்லை, ஏனென்றால் வேறு யாரும் அங்கே குடிவரத் தயாராக இல்லை.

எங்கள் குடும்பம் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். அப்பா பிடிவாதமாக என்னைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். படித்து முடித்து வந்ததும் அத்தை மகனைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அப்பா இருந்தவரைக்கும் போக்குவரத்து இருந்தது. அவர் போனபிறகு அண்ணன்மார் வீட்டு விசேஷங்களுக்கு எனக்குச் சொல்லிவிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காதுகுத்து, ஒரு சடங்கு, ஒரு கல்யாணம் என்று ஒவ்வொன்றும் முடிந்தபிறகு யாராவது ஒரு நோயாளி சொல்லித்தான் எனக்குத் தெரியவரும். வீடு கூட்டித் துடைக்க ஒரு பெண் காலையில் வருவாள், பத்து மணிக்குள் போய்விடுவாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்காது.

கார் ஒரு ஜமீன் வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டு மருமகளுக்கு இரட்டைப் பிள்ளை. குறுக்கே கிடந்த இரண்டாவது பிள்ளையைத் திருப்பி உயிரோடு எடுத்துக் கொடுத்தேன். மாமியார் அம்மாள் விதவை. நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"எதுல வந்த தாயி?"

"பாதி தூரம் பஸ்சுல, பாதி தூரம் மாட்டு வண்டியிலங்க."

"கொட்டில்ல ஒரு காரு கெடக்கு. என் வீட்டுக்காரரு எனக்குன்னு சீமையில இருந்து தருவிச்சாரு. புகை கெடையாது, சத்தம் கெடையாது, பொம்பளையே ஓட்டலாம்னாரு. நான் அதுல ஏறிப் போனது பத்துத் தடவை இருக்குமா! நீ எடுத்துக்க."

நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறைபோல இருந்தது அது. உள்ளே இரண்டு பேர் உட்காரலாம். திருப்புவதற்குச் சக்கரம் கிடையாது, ஒரு நீண்ட பிடி. காலடியில் ஒரு மணி. ஈயமும் ஆசிட்டும் உள்ள சாதாரண பேட்டரியாக இருந்திருந்தால் கொட்டிலில் கிடந்த வருஷங்களில் செத்தே போயிருக்கும். இது இரும்புத் தகடும் காரத் தண்ணீரும் உள்ள வகை. ஜமீனில் இருந்த மெக்கானிக் காரத் தண்ணீரை மாற்றி, நாலைந்து தடவை கரண்டு ஏற்றி இறக்கியதும் உயிர் வந்துவிட்டது. டயர் கெட்டி ரப்பர். அதற்கும் கூப்பனுக்காக அலைய வேண்டியதில்லை.

காரோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. அதற்குள் சுரைக்காய்க்குக் கை முளைத்த மாதிரி ஒரு கண்ணாடிக் குமிழ், அடியில் கொஞ்சம் பாதரசம். வீட்டுக்குக் கம்பியில் வருகிற கரண்டு முன்னும் பின்னுமாக ஓடுவது. பேட்டரிக்கு ஒரே பக்கமாக ஓடும் கரண்டு வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்வது இந்தக் குமிழ்தான். ஸ்விட்சைப் போட்டுக் குமிழை லேசாகச் சாய்த்தால் பாதரசம் தொட்டு விலகும், உள்ளே நீலமாக ஒரு வெளிச்சம் பற்றிக்கொண்டு நடுங்கும். காரை நிறுத்தும் கொட்டகையில் ஒரு ஸ்டூல் போட்டு அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருக்க அவசியமில்லை. முதல் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு உள்ளே போகலாம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஆனால் உள்ளே எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டிலேயே கரண்டு ஏற்றுவதில் சில முறைகள் உண்டு. பேட்டரிப் பெட்டிகளின் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். கரண்டு ஏறும்போது செல்களிலிருந்து வாயு கிளம்பும், பக்கத்தில் அரிக்கேன் விளக்கு கூடாது. தண்ணீர் குறைந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீர் ஆகாது. நான் ஆஸ்பத்திரி மருந்தறையிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவேன். காரம் கையில் பட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வெந்துபோகும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் சூடு. நூற்றுப் பதினைந்து டிகிரிக்கு மேல் போனால் செல் கெட்டுவிடும். மதுரை வெயிலில் அது எம்மாத்திரம்! காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் நூற்றுப் பத்தோடு நின்றுவிடும் என்பதால், பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டும் தண்ணீருக்கு வைக்கிற தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து செல்லுக்குள் விட்டுப் பார்ப்பேன். சூடு ஏறிவிட்டால் கரண்டை நிறுத்தி, ஈரச் சாக்கைப் போர்த்திக் காத்திருப்பேன்.

முழுக்க ஏற்றினால் முப்பது மைல் போகும். காருக்குள் ஒரு மீட்டர் உண்டு. ஓட ஓட அதன் முள் பின்னால் நகரும். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர பத்து மைல். இதைக் கழித்து மிச்சம் எவ்வளவு, அதில் எங்கே போகலாம் என்று மனசு சதா கணக்குப் போட்டபடி இருக்கும். சத்தமே இல்லாமல் வருவதால் தெருவில் யாரும் விலகமாட்டார்கள். மணியை மிதித்தால் ஐஸ் விற்கிறவன் என்று நினைத்துக் குழந்தைகள் ஓடிவரும். பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் பெண்கள் கேட்பார்கள், "கூட யாரும் வரலையாம்மா?"

ஆறு மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் ஸ்விட்சைப் போட்டுக் குமிழைச் சாய்த்தேன். நீலம் வரவில்லை. மறுபடி சாய்த்தேன். பாதரசம் ஆடியது, அவ்வளவுதான். உடையவில்லை, விரிசல்கூட இல்லை. உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சென்னைக்கு எழுதினேன், பம்பாய்க்கு எழுதினேன். யுத்தம் முடிகிறவரை கப்பலில் அதெல்லாம் வராது என்று இரண்டு இடத்திலிருந்தும் ஒரே மாதிரிப் பதில்.

கோரிப்பாளையம் முனையில் ஒரு பேட்டரிக் கடை இருந்தது. பஸ் பேட்டரி, ரேடியோ பேட்டரிக்கெல்லாம் அங்கேதான் சார்ஜ் ஏற்றுவார்கள். இருந்த கொஞ்சம் சக்தியில் காரை ஓட்டிக்கொண்டு அங்கே போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து செல்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"எங்கிட்ட இருக்கிற மிஷினு ஆறு வோல்ட்டு, பன்னெண்டு வோல்ட்டுக்குத்தாம்மா சரிப்படும். இம்புட்டையும் ஏத்தணும்னா ஒரு மாசம் ஆகும்." கொஞ்சம் யோசித்தார். "எம் மச்சான் இந்தா பக்கத்துல சினிமாக் கொட்டகையில ஆபரேட்டரா இருக்காக. படம் காட்டுற விளக்குக்கு ஒரே பக்கம் ஓடுற கரண்டுதான் வேணும். அதுக்குன்னு கரண்டு மோட்டார்ல ஓடுற பெரிய டைனமோ வச்சிருக்காக. பகல்ல அது சும்மாதானே கெடக்கு!"

கொட்டகை முதலாளியின் மனைவிக்கு நான்தான் பிரசவம் பார்த்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், காலை ஏழிலிருந்து மத்தியானம் இரண்டு வரை என்று ஏற்பாடாயிற்று. ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு நாளும் எனக்குச் சாயங்கால முறையாக மாற்றிக்கொண்டேன்.

ஆபரேட்டருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. படம் காட்டும் விளக்கில் இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே எரிகிற வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து வலது கண்ணில் எப்போதும் நீர் வடியும். முதல் நாள் அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். செல்லில் எழுதியிருந்ததைப் படித்தார். காகிதத்தில் ஏதோ பெருக்கினார். பிறகு டைனமோ அறை ஜன்னல் வழியாக விரல் தடிமன் கம்பிகள் இரண்டை இழுத்துவந்து, ஒன்றில் சிவப்புத் துணியைச் சுற்றினார்.

"சிவப்பு, கூட்டல் பக்கம். இதை மட்டும் மாத்திறக் கூடாது. மாத்துனா அம்புட்டுத்தான்."

"நானே மாட்டிக்கிறேன் பாய். நீங்க சிரமப்பட வேணாம்."

"சிரமம் என்னங்க. பகல் பூரா சும்மாதான் உக்காந்திருக்கேன்."

டைனமோ கிளம்பும்போது தரை அதிரும். பிறகு ஒரே சீரான ரீங்காரம். ஆள் இல்லாத கொட்டகையில், கலைத்துப் போட்ட பெஞ்சுகளுக்கும் மணல் தரைக்கும் மேலே அந்த ஒலி மட்டும் இருக்கும். வாசல் பக்கம் இரண்டு நாற்காலி போட்டுக்கொள்வோம். அவருடையது டைனமோ அறையைப் பார்த்து, என்னுடையது காரைப் பார்த்து. முதல் ஒரு மாதம் பேசிக்கொண்டது எல்லாம் முள்ளைப் பற்றியும் சூட்டைப் பற்றியும்தான். செல்கள் கஞ்சி கொதிக்கிற மாதிரி பொங்க ஆரம்பித்தால் கரண்டைக் குறைப்பார். அரைமணி நேரத்துக்கு வோல்ட்டு மேலே ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மழை பெய்த நாட்களில் அவர் வாசலில் பீங்கான் ஜாடியை வைத்து, வாயில் துணியைக் கட்டி, நேரே வானத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பார். ஓட்டில் விழுந்து வருகிற தண்ணீர் ஆகாது என்பார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஜும்மாவுக்குப் பள்ளிவாசலுக்குப் போவார். அந்த ஒரு மணி நேரம் டைனமோ மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. "நாப்பதைத் தாண்டுனா இந்தப் பிடியை இந்தப் பக்கம் இழுத்துருங்க" என்று சொல்லிக் கொடுத்தார். அது ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. இருந்தாலும் நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் குடும்பத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவரே ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இங்கிலீசுல ஒரு மனு எழுதணும். உங்களால முடியுமா?"

ரங்கூனில் பதினைந்து வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்து தனியாக ஊருக்கு வந்திருக்கிறார். அம்மா மௌத்தானபிறகு திரும்பக் கிளம்பும் நேரத்தில் ரங்கூனில் குண்டு விழுந்துவிட்டது. மனைவியும் இரண்டு பெண்களும் அங்கே. கப்பல் நின்றுபோயிற்று. நடந்தே வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்று கேள்விப்பட்டு, வந்து சேர்ந்தவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் போய் விசாரித்திருக்கிறார். பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. அகதிகளைப் பற்றி விசாரிக்கும் ஆபீஸ் ஒன்றுக்கு எழுதினால் தேடிச் சொல்வார்களாம்.

"வயசு போடணும்ல. பெரியவளுக்கு அப்ப பன்னெண்டு. சின்னவளுக்கு ஆறு." சற்று நிறுத்தினார். "இப்ப எம்புட்டுன்னு போடுறது? அப்ப இருந்ததைப் போடுறதா, இப்ப இருக்கிறதைப் போடுறதா?"

இரண்டையும் போட்டேன். அந்த மனுவுக்குப் பிறகு மாதம் ஒன்று எழுதினோம். ஒவ்வொரு தடவையும் அடையாளம் கேட்பார்கள். சின்னவளுக்கு இடது முழங்காலில் வெந்த தழும்பு, பெரியவளுக்கு முன்பல் சற்றுத் தூக்கல். நான் ஒரு தாயையும் இரண்டு பெண்களையும் பார்க்காமலே மனப்பாடம் செய்துவிட்டேன்.

"உங்க வீட்ல யாரு இருக்காக டாக்டரம்மா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"யாருமில்ல பாய்."

"சாப்பாடு?"

"நானே பொங்கிக்குவேன்."

அவர் அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து, தொழுகை முடிந்து வரும்போது கடையிலிருந்து இரண்டு டம்ளர் டீ வாங்கி வர ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். கரண்டு ஏற ஆரம்பித்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, ஊர் முழுக்கக் கரண்டு நின்றுவிட்டது. டைனமோ முனகிக்கொண்டே அடங்கியது. அந்த நேரம் பார்த்துத் திருவாதவூரிலிருந்து ஒரு விவசாயி ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே சொல்லி இங்கே வந்திருக்கிறார். மனைவிக்கு விடிகாலையிலிருந்து வலி, பிள்ளையின் கை வெளியே வந்துவிட்டது என்றார். மீட்டரைப் பார்த்தேன். திருவாதவூர் பன்னிரண்டு மைல். போவதற்குக் காணும். திரும்புவதற்குக் காணாது.

"கரண்டு வரட்டும், ஒரு மணி நேரம் பொறுங்க" என்றார் ஆபரேட்டர்.

"கை வெளிய வந்துருச்சு பாய். பொறுக்க முடியாது."

விவசாயியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவர் வழி முழுக்கக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். மெதுவாகவே ஓட்டினேன். வேகமாகப் போனால் சக்தி சீக்கிரம் தீரும் என்று எனக்குத் தெரியும், மெதுவாகப் போனால் பிள்ளை தாங்காது என்றும் தெரியும். பத்து மணிக்குச் சேர்ந்தோம். பிள்ளையை எடுத்தேன், ஆனால் உயிரோடு இல்லை. தாய் பிழைத்தாள். கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். அந்த மனிதர் கார் வரைக்கும் வந்து, என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மத்தியானம் ஒரு மணிக்கு, ஒத்தக்கடைக்கு இரண்டு மைல் இருக்கும்போது கார் நின்றது. எதிரே யானைமலை. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல். கண்ணாடி அறைக்குள் சூடு தாங்காமல் கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தேன். அந்தக் குழந்தையின் கை விரல்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன. அரைமணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் என்று நினைத்தேன். கரண்டு நிற்பதற்கு முன் கிளம்பியிருக்க முடியாது, ஆள் வந்ததே அப்போதுதான். இருந்தாலும் மனசு அதையே சுற்றியது. இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் போனாலும் சொல்வதற்கு ஆள் கிடையாது என்று அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு நன்றாக உறைத்தது. அழுதேன்.

வைக்கோல் இறக்கிவிட்டு வந்த ஒரு வண்டிக்காரர் நின்றார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கூட யாரும் இல்லையா தாயி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாடுகளை அவிழ்த்துக் காரின் முன்னால் கட்டினார். "மாடு இழுக்கிறதுக்கு இது ரொம்ப லேசா இருக்கே! பேசாம இதையே பழக்கிருங்க" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சிரித்தேன்.

ஒத்தக்கடையில் ஒரு அரிசி மில் வாசலில் கொண்டுபோய் விட்டார். எண்ணெய் இஞ்சின்தான் மில்லை ஓட்டியது, அதிலேயே விளக்குக்காக ஒரு சின்ன டைனமோ. ஆனால் அதன் வோல்ட்டு என் பேட்டரிக்கு அதிகம். இஞ்சின் பார்க்கிற ஆள் கெட்டிக்காரர். ஒரு மண்தொட்டியில் உப்புத் தண்ணீரை ஊற்றி, இரண்டு இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு, அதன் வழியாகக் கம்பியைக் கொண்டுவந்தார். தகடுகளைத் தள்ளி வைத்தால் கரண்டு குறையும், நெருக்கினால் கூடும். தொட்டித் தண்ணீர் மெல்ல ஆவி விட்டது. தவிட்டுத் தூசி பறக்கிற மூலையில் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து காத்திருந்தேன்.

மூன்று மணி இருக்கும். மில் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஆபரேட்டர். சட்டை முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. தலையில் தொழுகைத் தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

"நீங்க ஏன் வந்தீங்க?"

"நீங்க போறப்ப முள்ளைப் பாத்தேன். திரும்பி வராதுன்னு தெரிஞ்சுச்சு. பள்ளியில நிக்கிறேன், மனசு நிக்கல." தொட்டியைக் குனிந்து பார்த்தார். "இது நல்ல யோசனையா இருக்கே." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பிள்ளை?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"தாய்?"

"இருக்கா."

பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார். இஞ்சின் சத்தத்தில் பேசுவது லேசில்லை. நான் காலையிலிருந்து நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதி அவர் காதில் விழுந்திருக்காது. இருந்தாலும் முடிகிறவரை என் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். சாயங்காலக் காட்சிக்கு நேரமாகிறது என்று நான்தான் அவரை அனுப்பினேன். ஐந்து மணிக்கு நானும் கிளம்பிக் கோரிப்பாளையம் வந்து, காரைக் கொட்டகையில் விட்டுவிட்டு, சாயங்கால முறைக்கு வர முடியாது என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பி, ஜட்காவில் வீட்டுக்குப் போனேன்.

யுத்தம் முடிந்தது. சில மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. நான் எழுதியிருந்த கண்ணாடிக் குமிழ். பெட்டியின் ஆணியைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் கொட்டகைக்குப் போனேன். வெள்ளிக்கிழமையும் போனேன். ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். சிவப்புத் துணி சுற்றிய கம்பியை மாட்டிக்கொண்டே ஆபரேட்டர் சொன்னார், "பார்சல் ஆபீசுக்காரரு நம்ம பேட்டரிக் கடை மச்சானுக்குத் தெரிஞ்சவரு. உங்களுக்குச் சென்னையில இருந்து கண்ணாடிச் சாமான் வந்துச்சுன்னாராம்."

எனக்கு முகம் சுட்டது. "ஆமா பாய். வந்திருக்கு."

அவர் மூடியைத் திறந்து வைத்தார். ஏழாவது செல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார். "கண்ணாடிச் சாமானு. அவசரப்பட்டுப் பிரிக்காதீக" என்றார். அன்றைக்கும் இரண்டு டீ வந்தது.

அந்த வருஷமே கடிதம் வந்தது. கல்கத்தாவில் ஒரு அநாதை விடுதியிலிருந்து. பத்துப் பதினோரு வயது மதிக்கத்தக்க பெண், இடது முழங்காலில் தழும்பு, தகப்பன் சினிமாவில் படம் ஓட்டுகிறவர் என்று சொல்கிறாள். தாயும் அக்காவும் வரும் வழியிலேயே காலராவில் போய்விட்டார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் அவருக்குப் படித்துத் தமிழில் சொன்னேன். முதலில் எதைச் சொல்வது என்று தெரியாமல், சின்னவள் இருக்கிறாள் என்பதை முதலில் சொன்னேன். அவர் எழுந்து டைனமோவை நிறுத்தினார். கொட்டகை அமைதியாயிற்று. "இப்பச் சொல்லுங்க, மிச்சத்தையும்" என்றார்.

மறுநாள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். அவருக்குப் பதிலாக வந்த புது ஆபரேட்டர் நல்லவர்தான். ஒரே ஒரு தடவை போனேன். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைப் பிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் பெண்ணை அழைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். உயரமாக, எலும்பும் தோலுமாக இருந்தாள். தமிழ் பாதி மறந்துபோயிருந்தது. தலையில் புண், வயிற்றில் பூச்சி, ரத்தம் குறைவு. மருந்து கொடுத்து ஒரு மாதம் வாரா வாரம் பார்த்தேன். என்னைக் கண்டால் அவள் பேசமாட்டாள், ஆனால் காரைக் கண்டால் ஏறி உட்கார்ந்து மணியை மிதிப்பாள். உடம்பு தேறியதும் அவளை இளையான்குடியில் இருக்கும் தன் தங்கையிடம் கொண்டுபோய் விடப்போவதாகவும், அங்கேயே ஒரு டூரிங் கொட்டகையில் வேலை பேசியிருப்பதாகவும் சொன்னார். "பொம்பளப் பிள்ளை. வீட்ல ஒரு பொம்பள வேணும்ல, டாக்டரம்மா" என்றார். சொல்லிவிட்டு நீர் வடிகிற கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஆமாம் என்றேன்.

பஸ் நிலையத்துக்கு நானே காரில் கொண்டுபோய் விட்டேன். இருவர் உட்காரும் இடத்தில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு போனோம். அந்தக் காருக்குள் அத்தனை பேர் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். "வாரேன் டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு ஏறினார். பெண் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். பஸ் நகரும்வரை இருவரும் விடவில்லை.

இளையான்குடி என் காருக்கு எட்டாத தூரம். போகிற வழியிலேயே நின்றுவிடும். பெருநாளைக்கு ஒரு கார்டு போடுவார், நான் பொங்கலுக்கு ஒன்று போடுவேன். அந்தப் பெண்ணின் நிக்காஹ் அழைப்பு வந்தபோது ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் போயிருப்பேனா என்று தெரியாது. சில வருஷத்தில் கார்டும் நின்றது.

செல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டு வந்தன. முப்பது மைல் இருபதாகி, பத்தாகி, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப முடியாமலானது. பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டுச் சிறியதாக ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். முதல் தடவை பங்கில் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி, காத்திருக்கிற பழைய பழக்கத்தில் நிழலாக ஒரு இடம் பார்த்து நின்றுகொண்டேன். பங்க்காரர் குழாயை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"போட்டாச்சும்மா. எடுங்க, பின்னால வண்டி நிக்கிது."

எடுத்தேன்.